காட்டுக்கு நாடி பார்த்தவர்

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1933-ஆம் ஆண்டு ஒரு புதிய பேராசிரியர் பதவி உருவாக்கப்பட்டது. காட்டுயிர்களைப் பேணும் முறைகளைக் கற்பிப்பதற்கென அந்நாட்டில் ஏற்பட்ட முதல் பதவி அது. விலங்கியல் துறையிலோ தாவரவியல் துறையிலோ அல்லாமல், வேளாண் பொருளியல் துறையில் அது வைக்கப்பட்டது. அதில் அமர்ந்தவர் ஆல்டோ லியோபோல்ட். அப்போது அவருக்கு வயது 46. பொருளியலை முறையாகப் பயின்றவர் அல்லர். இளமையின் பெரும்பகுதியை அரசின் வனப்பணியில் கழித்தவர்.

பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்ற என் போன்றவர்களுக்கு அவருடைய வாழ்க்கை ஒரு தனிப்பாடம். ஒரு பொது நிறுவனம் தன் பொறுப்பில் உள்ள சொத்தை எந்த அளவுகோலால் அளக்கிறது, அளவுகோல் பிழையானால் அந்தச் சொத்துக்கு என்ன நேர்கிறது, அப்பிழையை உள்ளே இருந்துகொண்டே கண்டறியும் அலுவலர் என்ன விலை கொடுக்க நேர்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் விடை உண்டு.

லியோபோல்ட் 1887 ஜனவரி 11 அன்று அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள பர்லிங்டன் நகரில் பிறந்தார். ஜெர்மானிய மரபில் வந்த குடும்பம். வீட்டில் ஜெர்மன் மொழியே பேசினார்கள். தந்தை மேசைகள் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். வால்நட் மரம் மேசையாக மாறுவதைப் பார்த்து வளர்ந்த சிறுவன், ஓய்வு நாள்களில் தந்தையுடன் ஆற்றோரச் சதுப்பு நிலங்களில் பறவைகளைத் தேடி அலைந்தான். மரம் விலைப்பொருள் என்பதும், மரம் நிற்கும் இடம் ஓர் உலகம் என்பதும் அவனுக்கு ஒரே வயதில் அறிமுகமாயின.

யேல் பல்கலைக்கழகத்தின் வனவியல் பள்ளியில் பயின்று 1909-இல் முதுநிலைப் பட்டம் பெற்ற அவர், அதே ஆண்டு அமெரிக்க வனத்துறையில் சேர்ந்தார். அத்துறைக்கு அப்போது நான்கு வயதுதான். அதன் முதல் தலைவர் கிஃபோர்ட் பின்ச்சோ. தனியார் மர வணிகர்கள் வெட்டித் தீர்த்த காடுகளின் கதி எஞ்சிய காடுகளுக்கும் வரக் கூடாது என்று உறுதி பூண்டிருந்தவர் அவர். காடு ஒரு மூலதனம். ஆண்டுதோறும் அது வளரும் அளவே வட்டி. வட்டியை மட்டும் எடுத்துக்கொண்டால் மூலதனம் குறையாது. இதுவே அத்துறையின் அடிப்படைக் கொள்கை. வரம்பற்ற கொள்ளைக்கு எதிராக நின்ற நேர்மையான கொள்கைதான். ஆனால், மூலதனம் என்று அது கணக்கில் எடுத்துக்கொண்டது மரத்தையும் புல்லையும் நீரையும் மட்டுமே.

ஓநாயும் மேய்ச்சல் கட்டணமும்

லியோபோல்ட் முதலில் அனுப்பப்பட்ட இடம் அரிசோனாவின் அப்பாச்சி தேசியக் காடு. அங்கிருந்து நியூ மெக்ஸிகோவின் கார்சன் தேசியக் காட்டுக்குச் சென்றார். 1912-இல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு அக்டோபரில் எஸ்டெல்லா பெர்கெரைச் சாந்தா ஃபேயில் மணந்துகொண்டார். 1913 வசந்த காலத்தில், ஆட்டு மந்தைக்காரர்களின் மேய்ச்சல் வழக்குகளைத் தீர்ப்பதற்காகக் குதிரையில் தொலைதூரம் சென்றபோது புயலில் சிக்கினார். நனைந்த உடையோடு நாள் கணக்கில் அலைந்ததன் விளைவாகச் சிறுநீரக அழற்சி தாக்கியது. உயிர் பிழைத்ததே அரிது என்ற நிலை. ஓராண்டுக்கும் மேல் பணிக்குத் திரும்ப இயலவில்லை. பின்னர் கடினமான களப்பணி அவருக்கு விலக்கப்பட்டது. 1915-இல் வேட்டை விலங்குகளைப் பாதுகாக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அந்நாளில் வேட்டை விலங்குப் பாதுகாப்பு என்றால் இரண்டு வேலைகள். ஒன்று, சட்டவிரோத வேட்டையைத் தடுப்பது. மற்றொன்று, மானைத் தின்னும் விலங்குகளை ஒழிப்பது. இரண்டையும் லியோபோல்ட் முழு ஊக்கத்தோடு செய்தார். நியூ மெக்ஸிகோவில் ஊர் ஊராகச் சென்று வேட்டைக்காரர் சங்கங்களை அமைத்தார். அவர்களுக்காக ஒரு செய்தித்தாளும் நடத்தினார். கடைசி ஓநாயும் கடைசி மலைச்சிங்கமும் ஒழியும்வரை பணி முடிந்ததாகாது என்பது அவருடைய அன்றைய நிலைப்பாடு. அப்பாச்சிக் காட்டில் இளம் அலுவலராக இருந்தபோது, தன் குழுவினருடன் சேர்ந்து அவரே ஒரு தாய் ஓநாயைச் சுட்டிருக்கிறார். ஓநாய் குறைந்தால் மான் பெருகும், மான் பெருகினால் நாட்டுக்கு நன்மை என்பது எளிய கழித்தல் கணக்கு. அக்கணக்கை அன்று ஐயுற்றவர்கள் மிகச் சிலரே.

இன்னொரு கணக்கு மேய்ச்சல். தேசியக் காடுகளில் கால்நடைகளை மேய்க்க 1906 முதல் தலைக்கு இவ்வளவு எனக் கட்டணம் வாங்கப்பட்டது. வருவாய் பதிவேட்டில் ஏறியது. 1919-இல் தென்மேற்கு மாவட்டத்தின் செயற்பணிகளுக்கு முழுப்பொறுப்பேற்ற லியோபோல்ட், ஆண்டுக்குப் பல மாதங்கள் காடு காடாக ஆய்வுக்குச் சென்றார். இந்தப் பயணங்களில்தான் பதிவேட்டில் ஏறாத செலவு அவர் கண்ணில் பட்டது. மலைச்சரிவுகளில் புல் தேய்ந்திருந்தது. பள்ளத்தாக்குகளில் ஓடைகள் ஆழமாக வெட்டிக்கொண்டு ஓடின. தான் இளைஞனாக வந்தபோது ஆற்றங்கரையில் இருந்த வளமான வயல்களை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. மேய்ச்சல் கட்டணத்தை வரவு வைத்த துறை, அதற்கு ஈடாகக் கரைந்துபோன மண்ணை எங்கும் பற்று எழுதவில்லை. பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம். தேய்மானத்தைக் கழிக்காமல் இலாபம் காட்டும் நிறுவனம் என்றும் சொல்லலாம்.

1924-இல் வனவியல் இதழ் ஒன்றில் அவர் எழுதிய கட்டுரை, துறையின் இரண்டு நம்பிக்கைகளை ஒருசேர அசைத்தது. தெற்கு அரிசோனாவில் புதர்க்காடுகள் பரவியதை இயல்பான வளர்ச்சி எனத் துறை கருதியது. லியோபோல்ட் பழைய மரங்களில் இருந்த தீத்தழும்புகளை ஆராய்ந்தார். கால்நடைகள் வருமுன் அங்கே அடிக்கடி புல்தீ பரவியிருந்தது. அத்தீ புதர்களைக் கட்டுக்குள் வைத்திருந்தது; புல்லின் வேர் மண்ணைப் பிடித்திருந்தது. கால்நடைகள் புல்லைத் தின்றன, எரிய ஒன்றும் இல்லாததால் தீ நின்றது, புதர் பெருகியது, பிடிப்பிழந்த மண் ஓடியது. ஆக, தீ எப்போதும் பகை, மேய்ச்சல் எப்போதும் நன்மை என்ற துறையின் பாடம் அந்த மண்ணுக்குப் பொருந்தவில்லை. ஒரு காட்டின் நோய்க்குறியைக் கண்டு காரணத்தைப் பின்னோக்கித் தேடிச் செல்லும் முறை இது.

அதே ஆண்டு, அவர் முன்வைத்த திட்டப்படி, நியூ மெக்ஸிகோவின் ஹீலா தேசியக் காட்டில் ஏறத்தாழ 7.5 லட்சம் ஏக்கர் நிலம், சாலைகள் போடாமல் காட்டுநிலமாகவே விடப்பட வேண்டிய பகுதியாக அறிவிக்கப்பட்டது. வனத்துறை வரலாற்றில் அத்தகைய முதல் அறிவிப்பு அது. தொடக்கத்தில் அவர் மனத்தில் இருந்தது பெரும்பாலும் வேட்டையும் பயணமும்தான். பல ஆண்டுகள் கழித்தே அதற்கு வேறொரு பயன் உண்டு என்பதை அவர் உணர்ந்தார்.

தாரண்டில் கண்ட காடு

1924-இல் விஸ்கான்சினின் மேடிசன் நகரில் இருந்த வனப்பொருள் ஆய்வகத்துக்கு மாற்றப்பட்டார். வெட்டிய மரத்தை ஆராயும் இடம் அது. நிற்கும் மரத்தை நேசித்தவருக்கு அங்கே மனம் ஒட்டவில்லை. 1928-இல் அரசுப் பணியைத் துறந்து, மத்திய மேற்கு மாநிலங்களில் காட்டுயிர்க் கணக்கெடுப்பில் ஈடுபட்டார். பெருமந்தம் வந்தது, நிலையான வருவாய் நின்றது. ஐந்து குழந்தைகளுள்ள குடும்பம். அந்த நெருக்கடியில்தான் காட்டுயிர் மேலாண்மை குறித்த பாடநூலை எழுதி முடித்தார். அது வெளிவந்த 1933-இல்தான் பல்கலைக்கழகப் பதவியும் கிடைத்தது.

1935 இலையுதிர் காலத்தில் ஜெர்மனிக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் சென்று மூன்று மாதம் காடுகளைப் பார்வையிட்டார். சாக்சனியில் அவர் தங்கியிருந்த தாரண்ட் பொருளியலாளர்களுக்கும் பழக்கமான பெயர். காட்டு நிலத்தின் மதிப்பை வட்டி விகிதத்தைக் கொண்டு கணக்கிடும் சூத்திரத்தை ஜெர்மானிய வனவியலாளர் ஃபாஸ்ட்மன் 1849-இல் வகுத்தார். அக்கோட்பாட்டை விரித்துப் பரப்பிய மேக்ஸ் பிரெஸ்லர் தாரண்ட் வனவியல் பள்ளியின் பேராசிரியர். முதலீட்டுக் கோட்பாட்டைக் கற்பிக்கும் வகுப்புகளில் இன்றும் அச்சூத்திரத்துக்கு மதிப்புண்டு. கணித அளவில் அதில் குற்றமில்லை.

ஆனால், அதன் விளைவைப் பார்க்க வேண்டும். நூறு ஆண்டுக்குப் பின் கிடைக்கப்போகும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு, 5 சதவீத வட்டியில் ஒரு பைசாவுக்கும் குறைவு. அப்படியானால் மெல்ல வளரும் ஓக்கும் பீச்சும் நட்டக் கணக்கு. விரைந்து வளரும் ஸ்புரூஸ் இலாபக் கணக்கு. எனவே, கலப்புக் காடுகள் நீக்கப்பட்டு, ஸ்புரூஸ் மரங்கள் வரிசை வரிசையாக நடப்பட்டன. முதல் தலைமுறை மரங்கள் செழித்தன, கணக்கு மெய்யானது. அடுத்தடுத்த தலைமுறைகளில்தான் விளைச்சல் குறைந்தது. ஊசியிலைகள் மட்கவில்லை, மண் புளித்தது, அடிக்காடு மறைந்தது, பூச்சித் தாக்குதலும் புயற்சேதமும் பெருகின.

இதனோடு மான்களும் சேர்ந்தன. கொன்றுண்ணிகள் எப்போதோ ஒழிக்கப்பட்டுவிட்டன. வேட்டைப் பெருமைக்காகக் குளிர்காலத்தில் மான்களுக்குத் தீவனமிட்டு வளர்த்தார்கள். கலப்புக் காட்டை மீட்க விரும்பிய வனவியலாளர்கள் நட்ட இலையுதிர் மரக் கன்றுகளை அவை மேய்ந்துவிட்டன. வேலி போடாமல் கன்று பிழைக்காது என்ற நிலை. மரத்தின் கணக்கும் தனியே சரி, மானின் கணக்கும் தனியே சரி. இரண்டும் சேர்ந்து நின்ற காடு நோயுற்றிருந்தது. நாடு திரும்பிய லியோபோல்ட் இதை விரிவாக எழுதினார்.

அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் மெக்ஸிகோவின் சியரா மாத்ரே மலையில், காவிலான் ஆற்றுப் பகுதிக்குச் சென்றார். எல்லைக்கு அப்பால் இருந்த அதே மாதிரியான மலை, அதே மழை. அப்பாச்சி மக்களுக்கு அஞ்சிப் பண்ணையாளர்கள் நெடுங்காலம் குடியேறாத இடம் என்பதே வேறுபாடு. அங்கே புல் இருந்தது, அவ்வப்போது தீயும் இருந்தது, ஆறு தெளிந்து ஓடியது, மான் இருந்தது, மானைத் தின்னும் மலைச்சிங்கமும் ஓநாயும் இருந்தன. மான் அளவோடு இருந்தது, காடு கெடவில்லை. தான் இளமையில் ஒழிக்க முயன்ற விலங்குகள் எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன என்பது அங்கே அவருக்குப் புலனாயிற்று.

ஜெர்மனியையும் காவிலானையும் அடுத்தடுத்துக் கண்டபின் அவர் எழுத்தில் நிலநலம் என்ற கருத்து இடம்பிடித்தது. மண், நீர், செடி, விலங்கு அனைத்தும் சேர்ந்தது ஒரே உடம்பு; தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் ஆற்றலே அவ்வுடம்பின் நலம். மண்ணரிப்பு, வளமிழப்பு, முறையற்ற வெள்ளம், காரணம் தெரியாமல் மறையும் இனங்கள், திடீரெனப் பெருகும் பூச்சிகள் ஆகியவை நோய்க்குறிகள். நோயாளியை மட்டுமே பார்த்த மருத்துவருக்கு நலமான உடம்பு எப்படி இருக்கும் என்று தெரியாது. அதை அறியவே மனிதக் கை படாத நிலம் ஒப்பீட்டுக்காக எஞ்சியிருக்க வேண்டும். ஹீலாவின் இரண்டாவது பயன் இதுவே.

வாக்கெடுப்பில் தோற்ற அறிவியல்

அறிந்ததை எழுதுவது ஒன்று. அதை அரசாணையாக்குவது வேறு. 1940-களின் தொடக்கத்தில் வடக்கு விஸ்கான்சினில் மான்கள் அளவுமீறிப் பெருகியிருந்தன. குளிர்காலத்தில் தீனியின்றி மடிந்தன. ஹெம்லாக், வெள்ளைச் சீடார் மரங்களின் கன்றுகள் தலைதூக்கவே இயலவில்லை. நிலைமையை ஆராய 1942-இல் அமைக்கப்பட்ட குடிமக்கள் குழுவுக்கு லியோபோல்ட் தலைவர். பெண்மான்களையும் வேட்டையாட அனுமதித்து எண்ணிக்கையைக் குறைப்பது தவிர வேறு வழியில்லை என்று அக்குழு பரிந்துரைத்தது. 1943-இல் ஆளுநர் அவரை மாநிலக் காப்பாணையத்தின் உறுப்பினராக நியமித்தார்.

அவ்வாண்டு வேட்டைப் பருவத்தில் 1 லட்சத்து 28 ஆயிரம் மான்கள் வரை கொல்லப்பட்டன. மக்கள் கொதித்தெழுந்தார்கள். சுற்றுலா விடுதிக்காரர்களும் வேட்டைக்காரர்களும் அதைக் குற்றமென்றே அழைத்தனர். எதிர்ப்புக்கென்றே ஒரு செய்தித்தாள் தொடங்கப்பட்டு, லியோபோல்ட் பெயர் சொல்லித் தாக்கப்பட்டார். குட்டிமானின் உயிர் கண்ணுக்குத் தெரிகிறது. முளைக்காமல் போன ஹெம்லாக் கன்று யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆணையம் பின்வாங்கியது. அவர் உயிரோடிருந்தவரை பெண்மான் வேட்டைக்கு மீண்டும் அனுமதி கிடைக்கவில்லை. ஆயினும், அவர் பதவி விலகவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் சென்று, தோற்கும் பக்கத்தில் வாக்களித்துவந்தார்.

அந்தக் காலத்தில்தான், 1944-இல், சுட்ட ஓநாயைப் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். முன்பு தான் நம்பியது என்ன, செய்தது என்ன, அது எப்படித் தவறு என்பதை முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துத் தானே பதிவு செய்தார். கொள்கையை மாற்றிக்கொள்ளும் அலுவலர்கள் உண்டு. மாற்றிக்கொண்டதை மக்கள் முன் எழுத்தில் ஒப்புக்கொள்பவர்கள் குறைவு. மான் விவகாரத்தில் எதிரிகள் அவர்மேல் பாய்ந்துகொண்டிருந்த நேரத்தில், அவர்களுக்கு இன்னொரு ஆயுதத்தைத் தானே எடுத்துக் கொடுத்தது போன்ற செயல் அது.

சொந்த நிலத்திலும் சோதனை நடந்தது. விஸ்கான்சின் ஆற்றங்கரையில், முந்தைய உடைமையாளர் உழுது தேய்த்துக் கைவிட்ட மணற்பாங்கான பண்ணையை 1935-இல் வாங்கியிருந்தார். அங்கே எஞ்சியிருந்தது ஒரு கோழிக் கொட்டகை. அதுவே குடும்பத்தின் வார இறுதி வீடாயிற்று. 1936-இல் நட்ட பைன் கன்றுகளில் பெரும்பாலானவை வறட்சியில் பட்டுப்போயின. அடுத்த ஆண்டு மீண்டும் நட்டார்கள். அதற்கடுத்த ஆண்டும் நட்டார்கள். எந்தப் பூ எந்த நாள் மலர்ந்தது, எந்தப் பறவை எந்த நாள் வந்தது என்று தேதி தவறாமல் குறித்துவைத்தார். அக்குறிப்புகளையும், பல பத்தாண்டுகளுக்குப் பின் அவர் மகள் நீனா அதே இடத்தில் எடுத்த குறிப்புகளையும் ஒப்பிட்டு, 1999-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று. பருவநிலை மாற்றத்தால் வசந்தம் முந்திக்கொண்டு வருவதை அது காட்டியது. பயன் இன்னதென்று தெரியாமலே நேர்மையாக எடுக்கப்பட்ட புள்ளிவிவரத்துக்கு இதைவிடச் சிறந்த வருவாய் வேறில்லை.

இறுதி ஆண்டுகளில் முகநரம்பு வலி அவரை வாட்டியது. கட்டுரைத் தொகுப்பை ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பியனுப்பின. 1948 ஏப்ரல் 14 அன்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை ஏற்றுக்கொண்டதாகச் செய்தி வந்தது. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 21 அன்று, அண்டை நிலத்தில் புல் தீப்பற்றியது. அணைக்கச் சென்றவர் மாரடைப்பால் அங்கேயே இறந்தார். வயது 61. மகன் லூனா பதிப்புப் பணியை முடிக்க, ‘ஏ சாண்ட் கவுண்ட்டி ஆல்மனாக்’ 1949-இல் வெளிவந்தது. நிலத்தை நாம் உடைமையாகக் கருதாமல், நாமும் அதில் ஓர் உறுப்பினர் எனக் கருத வேண்டும் என்ற அவருடைய அறக்கோட்பாடு அந்நூல் வழியாகவே உலகுக்குச் சென்றது.

நம் பதிவேடுகள்

அவர் வாழ்க்கை நமக்கு அயலானதன்று. 1864-இல் இந்திய வனத்துறையின் முதல் தலைமை ஆய்வாளராக அமர்ந்த டீட்ரிக் பிராண்டிஸ் ஒரு ஜெர்மானியர். அவரே பின்ச்சோவுக்கு வழிகாட்டியாகவும் இருந்தார். சென்னை மாகாண வன நிர்வாகத்துக்கு 1880-களின் தொடக்கத்தில் ஆலோசனை அறிக்கை எழுதியவரும் அவரே. லியோபோல்ட் எந்தக் கணக்குமுறையில் பயிற்சி பெற்றாரோ, நம் வனத்துறையும் அதன் கிளையில்தான் வளர்ந்தது. நீலகிரியின் புல்வெளிகளைப் பயனற்ற நிலமென எண்ணிச் சீகையும் கற்பூர மரமும் நட்டதன் பின்னணியிலும் அக்கணக்கே இருந்தது. இன்று சீகையை அகற்றப் பொதுப்பணம் செலவாகிறது. முதுமலையில் உண்ணிச்செடியும் மஞ்சள் கொன்றையும் பரவி, யானைக்கும் மானுக்கும் உரிய புல்லை விழுங்குகின்றன.

ஆனால், நாட்டின் காட்டு நிலவர அறிக்கையில் இந்த நோய் எங்கும் குறைவாகப் பதிவாவதில்லை. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மர விதானம் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது காட்டுப் பரப்பு. என்ன மரம், யாருடைய நிலம் என்ற கேள்வி இல்லை. சோலையும் ஒன்றுதான், தோப்பும் ஒன்றுதான். ஒவ்வொரு அறிக்கையும் பரப்பு கூடியதா, குறைந்ததா என்று சொல்கிறது. காடு நலமா என்ற கேள்விக்குத் தனிப் பத்தி வேண்டும். அதை நிரப்பக் களத்தில் பல ஆண்டுகள் ஒரே இடத்தைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் அலுவலர்களும் வேண்டும். மூன்றாண்டில் இடமாறுதல் பெறும் அலுவலர் ஒரு காட்டின் நாடியைப் பார்த்துவிட முடியாது.

லியோபோல்ட் காலத்தில் தென்மேற்கிலிருந்து துடைக்கப்பட்ட மெக்ஸிகோ ஓநாய்கள், கூண்டில் வளர்க்கப்பட்ட சிலவற்றின் வாரிசுகளாக 1998-இல் மீண்டும் காட்டில் விடப்பட்டன. விட்ட இடம் அரிசோனாவின் அப்பாச்சி தேசியக் காடு. ஒழிப்பதற்குப் பணம் கொடுத்த அரசே, பன்மடங்கு செலவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தது. முதலிலேயே பற்று எழுதாமல் விட்ட கணக்கைப் பின்வரும் தலைமுறை வட்டியோடு தீர்க்க நேரிடும் என்பதற்கு, என் பாடத்தில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைத்ததில்லை.